வராக்கடன்

நிறுவனத்தின் பெயர் முயல்வால்.
ஐந்து பேர். ஆயுள் எட்டு மாதம்.
ஜூன் வந்தால் கலைத்துவிட வேண்டும்,
பள்ளி நிறுவனத்துக்கு அதுதான் விதி.
இந்த்ரெக் தலைவன், ராவுல் விற்பனை,
எக்லேவும் தாவெத்தும் தையல்.
கணக்கு நோட்டு என்னிடம் வந்தது,
கையெழுத்து அழகாம்.

நவம்பர் கடைசியில் பொல்வாவில்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
சாலையோரம் நடப்பவர் உடுப்பில்
ஏதாவது ஒன்று ஒளிர வேண்டும்.
மின்வாரிய ஆட்கள் கழித்துப்போட்ட மேற்சட்டைகளில்
வெள்ளிப் பட்டையை மட்டும் வெட்டி
சோபா ஆலையின் தோல் துண்டில் ஒட்டினோம்.
வால் ஒன்று நான்கு யூரோ.

எதற்கு என்று கேட்டால்
இந்த்ரெக் ஒரே வரிதான் சொல்வான்:
"குழந்தைகள் வார்டுக்கு நாற்காலி."
சாய்த்தால் கட்டிலாகும் நாற்காலி,
நானூற்று அறுபது யூரோ.
தம்பிக்கு நிமோனியா கண்ட ஒன்பது இரவும்
அம்மா தரையில் கோட்டை விரித்துப் படுத்ததை
அவன் சொல்வதில்லை.
எக்லே சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

முதல் போணி
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
ஐந்து யூரோ நோட்டை நீட்டிவிட்டு
மீதி வாங்காமல் போனார்.
அந்த ஒரு யூரோவை எந்தப் பத்தியில் எழுதுவது?
அரை மணி நேரம் சண்டை.
நன்கொடை என்றான் இந்த்ரெக்.
கடைக்காரனுக்கே கொசுறு என்றான் ராவுல்.
பென்சிலால் எழுதி வைத்தேன்.

டிசம்பர் சந்தையில் அறுபத்திரண்டு போயின.
மறுவாரம் முப்பத்தொன்று திரும்பி வந்தன,
தோல் தனியாக, வெள்ளி தனியாக.
தைக்க நேரமில்லை, பசை போதும் என்றது ராவுல்.
தலையாட்டியதில் நானும் உண்டு.
மைனஸ் பதினெட்டில் பசை நொறுங்கும் என்பது
எங்களைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது.
விடுமுறை முழுக்க உட்கார்ந்து தைத்தோம்.
தாவெத்தின் கட்டைவிரல் ரத்தம்
ஒரு வாலில் இருக்கிறது.
பழுப்புத் தோல், தெரியவில்லை.
அதையும் விற்றோம்.

பிப்ரவரியில் மால்லே, ராவுலின் சித்தி, பூக்கடைக்காரி,
இரண்டு எடுத்துக்கொண்டாள்:
தனக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று.
"நாளைக்குத் தருகிறேன்."
நாளை என்பது
மார்ச்சிலும் நாளையாகவே இருந்தது.
அவள் கடையைத் தாண்டும்போதெல்லாம்
ராவுல் செருப்புக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.
சிவப்பு மையில் எழுதினேன்:
வராக்கடன், எட்டு.

மே மாதம் கூட்டிப் பார்த்தால்
நானூற்று நாற்பத்தேழு.
மறுபடி கூட்டினேன், கீழிருந்து மேலாக.
அதே நானூற்று நாற்பத்தேழு.
மால்லே தந்திருந்தால் ஐந்துதான் குறையும்,
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
ஆளுக்கு இரண்டு யூரோ அறுபது போட்டோம்.
கைக்காசைச் சேர்க்கக் கூடாது என்ற விதி
ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.
அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.

நாற்காலி வந்தது, சாம்பல் நிறம்.
முதுகில் ஒட்ட
முயல் படம் போட்ட வில்லை கொண்டுபோயிருந்தோம்.
தாதி தலையை ஆட்டினாள்:
தினமும் மருந்து போட்டுத் துடைக்கிற சாமான்,
ஒட்டினால் அழுக்கு சேரும்.
வில்லை என் நோட்டின் அட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.
இந்த்ரெக் மட்டும்
நாற்காலியைச் சாய்த்தான், நிமிர்த்தினான்,
மறுபடி சாய்த்தான்.
படுத்துப் பார்க்கச் சொன்னோம்.
மாட்டேன் என்றான்.

ஜூனில் கலைத்தோம்.
நடு இரவிலும் வெளிச்சமிருக்கும் மாதம்,
வாலை யார் நினைப்பார்கள்?

இப்போது மறுபடி நவம்பர்.
நேற்று மாலை பேருந்தில் வருகிறேன், அதே ஓட்டுநர்.
முகப்பு விளக்கில்
மனிதர்களே இல்லை, வால்கள் மட்டும்.
இடுப்பு உயரத்தில் ஒன்று.
புத்தகப்பை உயரத்தில் மூன்று, துள்ளித் துள்ளி.
பூக்கடைத் திருப்பத்தில்
மேலே ஒன்று, கீழே ஒன்று.
கீழே இருப்பது
கம்பத்துக்குக் கம்பம் நின்று
மோந்து பார்த்துப் போகிறது.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

எட்டு யூரோ, என்றேன் வாய்க்குள்.
கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.